பெட்டி வைக்க ஓர் இடம்

எங்கள் காணி பத்துப் பேர்ச்சஸ். பண்டாரவளை நகரத்திலிருந்து முச்சக்கரவண்டியில் பத்து நிமிடத் தூரம். உறுதியில் பத்து என்று எழுதியிருந்தாலும், ஒரு கதிரையை ஆடாமல் வைக்கக்கூடிய சமதரை அதில் நாலு பேர்ச்சஸும் தேறாது. மீதியெல்லாம் சரிவு. மேலே தோட்டத்துத் தேயிலை, கீழே பாதை. மலைநாட்டில் ஓர் ஆசிரியையும் ஒரு சிறு கடைக்காரரும் சேர்ந்து வாங்கக்கூடிய காணி இப்படித்தான் இருக்கும்.

2022 நெருக்கடியின்போது ஐம்பது கிலோ சீமெந்துப் பக்கற் ஒன்று 3,000 ரூபாவைத் தாண்டியது. அதற்கு முந்திய ஆண்டு ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய அதே பக்கற்தான். எனவே காணியைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருடம் காத்திருந்தோம். விலை ஓரளவு இறங்கிய பிறகு, 2024 இல் வேலையைத் தொடங்கினோம். அதுவரைக்கும் நகரத்தில் இரண்டு அறை வாடகை வீடு. அதில் நாங்கள் இருவர், மாமி, இரண்டு பிள்ளைகள், ஒரு ஹார்மோனியம், ஒரு சோடித் தபேலா.

இந்தக் கடைசி இரண்டைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஹார்மோனியம் என் வாப்பா பதுளையில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கியது. வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. வானொலி முஸ்லிம் சேவையில் நாகூர் ஹனிபாவின் குரல் வரும்போது ஒரு விரலால் சுருதியைத் தேடிக்கொண்டிருப்பார். வெசாக் காலத்தில் முகைதீன் பேக்கின் சிங்களப் பாட்டுகள் வீதியெங்கும் கேட்கும். "சேலத்தில் பிறந்த முஸ்லிம் ஒருவர் பாடிய பாட்டு இல்லாமல் இந்த நாட்டில் வெசாக் இல்லை பார்த்தாயா" என்பார். பேக் 1991 இல் மௌத்தானார். வாப்பா போனது அதற்குப் பல வருடங்களின் பின். பெட்டி என்னிடம் வந்தது. நான் தொட்டதில்லை. பதினொரு வயது மகள் தொட்டாள். நகரத்திலுள்ள சங்கீத ரீச்சர் ஒருவரிடம் சனிக்கிழமைகளில் போய்வருகிறாள். பதினான்கு வயது மூத்தவனுக்குக் கையில் அகப்பட்டதெல்லாம் தாளம். சோற்றுக் கோப்பையும் தப்பாது.

வாடகை வீட்டில் இதற்கு ஒழுங்கு ஒன்று இருந்தது. மஃரிபுக்குப் பிறகு வாசிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் தபேலாவின் மேல் துவாய் விரித்துத் தட்டுவான். யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் மாமி பெட்டியை அறைக்குள் தள்ளி, மேலே மடித்த உடுப்புகளை அடுக்கிவிடுவார். மாமி மார்க்கச் சட்டம் பேசுகிறவர் அல்லர். இசை கேட்பது பற்றி இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் தனி நூலே எழுதியிருக்கிறார், அறிஞர்களிடையே இதில் நூற்றாண்டுகளாகக் கருத்து வேறுபாடு இருக்கிறது என்றெல்லாம் நான் சொன்னால் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "அது சரி புள்ள, வாறவங்க கஸ்ஸாலி இமாமப் படிச்சிட்டா வாறாங்க?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

ஆகவே புதிய வீட்டின் வரைபடத்தில், மேல் மாடியில் ஒரு சிறிய அறை. பிள்ளைகளுக்கு வாசிக்க இடம். மாமிக்கு நிம்மதி. வருகிறவர்கள் கீழே ஹோலில் இருப்பார்கள், பெட்டி மேலே இருக்கும். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு.

பதுளை மாவட்டத்தில் சரிவான காணியில் வீடு கட்டுவதென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். அதைத் தொல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வது கஷ்டம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. அதே வருட இறுதியில், உமா ஓயா திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தது. பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 இல் மக்கள் நகரத்தில் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நிலம் என்பது காலுக்குக் கீழே சும்மா கிடக்கிற ஒன்று அல்ல என்பதை இந்த ஊர் இருமுறை படித்திருக்கிறது.

அறிக்கை வந்தது. கட்டலாம், ஆனால் ஒரு மாடி மட்டும். சரிவைச் செங்குத்தாக வெட்டக்கூடாது. பின்பக்கம் மண் அணைச்சுவர் வேண்டும். சுவரின் பின்னால் தண்ணீர் தேங்கினால் அதன் பாரமே சுவரைத் தள்ளிவிடும் என்பதால், இடையிடையே குழாய்த் துண்டுகள் வைத்துத் தண்ணீரை வெளியே விட வேண்டும். மேலே மழைநீர் வழிந்தோட ஒரு கான்.

மேல் அறை அன்றோடு போயிற்று. அணைச்சுவருக்கு இவர் கணக்குப் போட்டபோது தரைக்குப் பதிக்க நினைத்த நல்ல டைல்ஸும் போயிற்று. பெட்டியை விற்றால் சில பக்கற் சீமெந்துக்காவது ஆகும் என்று ஒரு உறவினர் சொன்னார். மகள் அன்றிரவு சாப்பிடவில்லை. இவர் அவளைக் கூப்பிட்டு, "வீடு கட்டுறது உங்களுக்குத்தானே மகள், உங்கட பெட்டிய வித்துக் கட்டினா அது யாருட வீடு?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் பெட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு தொடங்கியது. மூன்று அறைகளில் பெட்டியும் தபேலாவும் இரண்டு பிள்ளைகளும் அமரக்கூடிய இடம் ஒன்றும் இல்லை. மிஞ்சியது ஹோல்தான்.

வேலை நடந்த மாதங்களில் பாடசாலை விட்டதும் பிள்ளைகள் நேரே காணிக்கு வந்துவிடுவார்கள். மேசன் பாஸ் பக்கத்துத் தோட்டத்துக்காரர், ஐம்பதைக் கடந்தவர். பிளேன்டீயும் தேங்காய் ரொட்டியும் கொண்டுபோகும்போது, மூத்தவன் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருப்பான். செங்கல் இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, கணீரென்றால் நன்றாகச் சுட்ட கல், மந்தமாகக் கேட்டால் வேகாத கல் என்று அவர் காட்டிக்கொடுத்தார். பிறகு கல் பிரிப்பது அவன் வேலையாயிற்று. குளியலறையில் டைல்ஸ் பதித்தபோதும் அப்படித்தான். அடியில் கலவை சரியாகப் பிடிக்காத டைலைத் தட்டினால் பொள்ளென்று ஒரு சத்தம். அவன் ஒரு கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போய் ஐந்தைக் கண்டுபிடித்தான். பாஸ் ஐந்தையும் கழற்றினார். ஐந்தும் பொள்தான். "டீச்சர், தம்பிக்குக் காது இருக்கு" என்றார்.

அவருக்கும் இருந்தது. அவருடைய தகப்பனார் தோட்டத்தில் தப்படித்தவர். விடியற்காலையில் லயன் வாசல்களில் பெரட்டுத் தப்படித்து ஆட்களை எழுப்புவது ஒரு காலத்தில் தோட்ட வழக்கம். காமன் கூத்துக்கும் சாவுக்கும் அதே தப்புத்தான். ஆனால் அடி வேறு. ஒரு நாள் வெற்றுப் பெயின்ற் வாளியைக் கவிழ்த்து வைத்து அந்த அடிகளை ஒவ்வொன்றாக மூத்தவனுக்குக் காட்டினார். தகப்பனார் இறந்தபின் தப்பைத் தான் எடுக்கவில்லை என்றும், அதைத் தொட்டால் கீழாகப் பார்ப்பார்கள் என்று பயந்ததாகவும் சொன்னார்.

அன்று மாமியும் காணிக்கு வந்திருந்தார். கல்லொன்றில் அமர்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று, "எங்கட சின்ன வயசில நோன்புக்குப் பாவாமார் தாயிரா அடிச்சிட்டுத்தான் ஸஹருக்கு எழுப்புவாங்க" என்றார். "பைத்தும் படிப்பாங்க. குளிருல போர்வைக்குள்ள இருந்து கேட்டுட்டு ஈப்போம்." பிறகு பாஸைப் பார்த்து, "உங்கட வாப்பா எழுப்பினது வேலைக்கு. எங்கட பாவா எழுப்பினது நோன்புக்கு. ரெண்டும் தோல்தானே" என்றார். பாஸ் சிரித்தார். மூத்தவன் வாளியை அவருக்கு முன்னால் நகர்த்தி, "பாவா எப்படி அடிப்பார் வாப்பும்மா?" என்று கேட்டான். அவர் அடிக்கவில்லை. ஆனால் முழங்காலில் விரல்களால் தட்டிக் காட்டினார். அவன் பார்த்து வாளியில் போட்டான். இந்த மலையில் மனிதரை எழுப்பிய இரண்டு தோற்கருவிகள் அரை மணி நேரம் ஒரு வாளிக்குள் இருந்தன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது வீட்டுக்குக் கூரை போட்டு முடிந்திருந்தது. பதுளை மாவட்டம் முழுவதும் மண் சரிந்தது. பாதைகளும் மலையக ரயில் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வாடகை வீட்டில் மெழுகுவர்த்தியைச் சுற்றி இருந்தோம். பிள்ளைகள் வாத்தியத்தைத் தொடவில்லை, யாரும் தொடாதே என்று சொல்லவுமில்லை. மழை விட்டதும் இவர் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேற்சரிவில் கொஞ்சம் மண் இறங்கியிருந்தது, சுவர் நின்றது. குழாய்த் துண்டுகள் அத்தனையிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததாம். எங்களுக்கு அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அப்படி ஒரு சுவர் இல்லை, அதைக் கட்டப் பத்துப் பேர்ச்சஸ் சொந்த நிலமும் இல்லை. தோட்டத்து லயன்களில் இருப்பவர்களுக்குச் சொந்தக் காணி கேட்டு எத்தனை காலமாகப் பேசுகிறோம். சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்ல அந்த வாரம் கூச்சமாக இருந்தது.

ஜனவரியில் குடிவந்தோம். சாமான் வருவதற்கு முந்திய நாள் மகள் வெறும் ஹோலில் நின்று ஒரு ஸ்வரம் பிடித்தாள். சுவரெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது. திரைச்சீலையும் கதிரைகளும் வந்தபின் அந்த எதிரொலி அடங்கிவிட்டது. துணி சத்தத்தைக் குடித்துவிடும் என்று மூத்தவன் விளக்கம் சொன்னான். மகளுக்கு அதில் கவலைதான்.

பெட்டி ஹோலில், வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற சுவரோரம் இருக்கிறது. முதல் வாரத்தில் மாமி அதன்மேல் பூவேலை செய்த துணியொன்றைப் போட்டார். மறைக்கத்தான். பெரிய துணி அல்ல. கட்டைகள் தெரிந்துகொண்டுதான் இருந்தன. வீடு பார்க்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் துணியை நிமிண்டிப் பார்த்து, "இது என்ன, யாருட?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அறைக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

"எங்கட பேத்திட. அது அங்கதான் ஈக்கட்டும். நீங்க இருங்க, தேத்தண்ணி கொண்டுவாறன்."