பையனுக்கு என்ன உத்தியோகம்?

'பையனுக்கு என்ன உத்தியோகம்?' என்று பெண் வீட்டார் மட்டும்தான் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். சர்க்கரை வியாதியும் அதையேதான் விசாரிக்கிறது!

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். அப்பா போஸ்ட்மேன். 30 வருஷம் சைக்கிள் மிதித்தவர். 68 வயதில்தான் சர்க்கரை எட்டிப் பார்த்தது. சித்தப்பா லாரி டிரைவர். ராத்திரி முழுக்க ஸ்டியரிங், நடுநடுவே பரோட்டா, பீடி, அரைத் தூக்கம். 41 வயதிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. போன வருஷம் கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். ஒரே ரத்தம்தான் சார்... உத்தியோகம்தான் வேறே!

ஸ்வீடனில் 45 லட்சம் பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி. 2019-ல் வெளிவந்தது. ஆண்களில் டைப்-2 சர்க்கரை அதிகம் வருவது டிரைவர்களுக்கும் ஃபாக்டரித் தொழிலாளர்களுக்கும். குறைவு, காலேஜ் வாத்தியார்களுக்கும் கம்ப்யூட்டர் ஆசாமிகளுக்கும்.

"அப்படிப் போடு!" என்று காலரைத் தூக்கினான் என் ஐ.டி. நண்பன்.

"இருடா. வித்தியாசத்துக்கு அவங்க சொல்ற காரணம் உடம்பு எடை, சிகரெட், இளவயசு உடல்தெம்பு. உன் பெல்ட் இப்போ எத்தனையாவது ஓட்டையில இருக்கு? இதுல நைட் ஷிஃப்ட் வேறே. அதுவும் சர்க்கரைக்கு வரவேற்பு வளைவுதான்!"

காலர் இறங்கிவிட்டது.

அதற்காக வேலையை ராஜினாமா செய்ய முடியுமா? வீட்டுக் கடனை யார் கட்டுவது? அவசியமே இல்லை. தசை வேலை செய்யும்போது, இன்சுலினின் சிபாரிசுக் கடிதம் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2006-ல் வந்தது. நடை, அளவான சாப்பாடு என்று இரண்டே மாற்றம். அதைக் கடைப்பிடித்த கோஷ்டிக்குச் சர்க்கரை வரும் அபாயம் 28 சதவிகிதத்துக்கு மேல் குறைந்ததாம்!

எனக்கு வயது 34. அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். மூன்று மாதச் சராசரி சொல்லும் ரத்தப் பரிசோதனையில் 6.1. 6.5 வந்தால் சர்க்கரை என்று முத்திரை குத்திவிடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் மூன்றாவது மாடிக்கு ஃபைலை நானே எடுத்துக்கொண்டு படியேறுகிறேன்.

"என்ன சார், என் வேலைக்கு உலை வைக்கிறீங்களா?" என்றார் ப்யூன் முனுசாமி.

"இல்லே முனுசாமி... என் கட்டைவிரலைக் காப்பாத்திக்கிறேன்!"