பதிவேட்டில் இல்லாத திருத்தம்

உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் எவரேனும் கணினித் துறையில் பணியாற்றுவாராயின், ‘கிட்’ என்னும் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 2005-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய இம்மென்பொருள், பலர் கூடி எழுதும் நிரல்களுக்குக் கணக்கப்பிள்ளை போன்றது. எவர், எப்பொழுது, எதனை மாற்றினார் என்று பதிந்து வைக்கும். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தியதன் அடையாள எண்ணைத் தாங்கியிருக்கும். ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசை உங்கள் நினைவுக்கு வரலாம். இடையில் ஒன்றை மாற்றினால் பின்னுள்ள அனைத்தின் எண்களும் மாறிவிடும்.

பணி கிளைகளாகப் பிரிந்து நடந்து, ‘மெர்ஜ்’ என்னும் இணைப்புப் பதிவில் ஒன்றுசேரும். கிளைகள் பெருகினால் வரலாறு சிக்குண்ட நூலாகத் தோன்றும். அதனை நேர்கோடாக மாற்றி எழுத ‘ரீபேஸ்’ என்றொரு கட்டளை உண்டு. எனக்கோ ஒழுங்கின் மீது மோகம். (மேலாளர் பார்வையிட வருகிறார் என்ற எண்ணமும் இருந்தது; மறைப்பானேன்?) ஓரிரவு, எவரையும் கேளாமல் அதனைச் செய்து, பொதுவில் இருந்த பதிவேட்டின் மீது வலிந்து ஏற்றிவிட்டேன்.

நாங்கள் எழுதியது ஊழியர் சம்பளக் கணக்கு. முன்பணப் பிடித்தத்தை இரு கிளைகளில் இருவர் தனித்தனியே எழுதியிருந்தனர். வெவ்வேறு கோப்புகள் ஆதலால் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. கிளைகளை இணைத்த இளைஞர் அதனைக் கண்ணுற்று, இணைப்புப் பதிவிலேயே ஒன்றை நீக்கியிருந்தார். சாதாரண ரீபேஸ் இணைப்புப் பதிவுகளை ஓசையின்றி விட்டுவிடும். அவருடைய திருத்தமும் அவ்வாறே போயிற்று.

மாத இறுதியில் முன்பணம் வாங்கியிருந்த சிலருக்கு இருமுறை பிடித்தம்! பதிவேட்டைப் பார்த்தேன், திருத்தியதற்குச் சுவடே இல்லை. “கவனித்திருக்க வேண்டாமா, தம்பி?” என்று பலர் முன்னிலையில் கேட்டேன். “நான் நீக்கினேனே, பாய்” என்றார். நான் நம்பவில்லை.

இஷா தொழுத பின்னும் அவர் முகம் கண்முன் நின்றது. என் கணினியின் ‘ரெஃப்லாக்’ குறிப்பேட்டைத் திறந்தேன். கைவிடப்பட்ட பதிவுகளின் சுவடு அதில் வழக்கமாக 30 நாள்கள் தங்கும். நான் மாற்றி எழுதி 19 நாள்களே ஆகியிருந்தன. அவருடைய இணைப்பு, அவர் பெயருடன் அங்கே இருந்தது.

கிளையமைப்பைக் காத்து மாற்றி எழுத 2018 முதல் ‘ரீபேஸ்-மெர்ஜஸ்’ என்னும் வசதி உண்டு. ஆயினும், இணைப்பிற்குள் கையால் செய்த திருத்தங்களை நாமே மீண்டும் செய்தாக வேண்டும்.

மறுநாள் அதே பலர் முன்னிலையில் நடந்ததைச் சொன்னேன். பிடித்த தொகை அவ்வாரமே திருப்பித் தரப்பட்டது. “பரவாயில்லை, பாய்” என்றார் இளைஞர். அதன்பின் எந்தத் திருத்தத்தையும் அவர் தனிப் பதிவாகவே செய்கிறார்.