உறையின் கடமை

வாளுக்கு உறை உண்டு. அம்புக்குத் தூணி உண்டு. கைத்துப்பாக்கிக்கும் அவ்வாறே ஓர் உறை உண்டு. ஆயுதத்தின் ஆற்றலை வியப்போர் பலர். அதனைத் தாங்கும் உறையை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும் கடாரத்து ரப்பர்த் தோட்டங்களில் அவ்வுறை உயிரைக் காக்கும் பொருளாய் இருந்த காலமும் உண்டு.

1948 ஜூன் 16ஆம் நாள், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் கடாரத்துப் பாலிங்கில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் பேசினர். சரணடைதல் பற்றிய கருத்து வேறுபாட்டால் அப்பேச்சு முறிந்தது. 1960 ஜூலை 31இல்தான் அவசரகாலம் முடிவுற்றது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் துரைமார் பலர் இடுப்பில் கைத்துப்பாக்கியுடனே நடமாடினர். விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் அஃது எல்லோர் கண்ணிலும் பட்டது. சிலருக்குக் காவலாகவும் சிலருக்கு அச்சமாகவும் தோன்றியது.

அந்நாளில் கூலிம் வட்டாரத் தோட்டமொன்றின் கிராணியார், துரையின் பழைய உறையை எடுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணியில் தோல் தைக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றார்.

“மூடியை வெட்டிவிட வேண்டுமாம், பெரியவரே. துரைக்கு விரைவாக எடுக்க வரவேண்டுமாம்.”

முதியவர் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

“வெட்டிவிடலாம், கிராணி ஐயா. ஆனால் துரை கைக்கு எளிதாக வருவது பிறர் கைக்கும் எளிதாகத்தானே வரும்?”

கிராணியாருக்குச் சம்பள நாள் நினைவுக்கு வந்தது. மேசையைச் சூழ்ந்து நூறு பேர் நெருங்கி நிற்பர். துரையின் கவனமோ பணத்தில் இருக்கும். பின்புறமிருந்து ஒரு கை நீண்டால் என்னாகும்? காட்டிலிருந்தோர்க்கு ஆயுதம் அரிய பொருள். பறிபோகும் துப்பாக்கி ஒவ்வொன்றும் தோட்டத்தின் மீதே திரும்பக்கூடும். அந்தக் கூட்டத்தில் தம் மக்களே நிற்பர் என்பதையும் அவர் உணர்ந்தார். மூடி வெட்டப்படவில்லை.

அம்முதியவரின் ஒரு வினாவிலேயே உறையின் இலக்கணம் அடங்கிவிடுகிறது. நல்ல உறை, விசையையும் அதன் வளையத்தையும் முற்றாக மூடியிருத்தல் வேண்டும். கிளையோ விரலோ அதனைத் தீண்டலாகாது. அதன் வாய் தளராது திறந்து நிற்றல் வேண்டும். அப்போதுதான் ஒரு கையாலேயே ஆயுதத்தைத் திரும்ப வைக்க முடியும். அதனைத் தாங்கும் இடைவாரும் தடித்து இறுகியிருத்தல் வேண்டும். வார் தொய்ந்தால் உறையும் சாயும். துப்பாக்கிப் பிடியின் வளையத்தில் பின்னல் கயிறு கோத்தால், தவறி விழுந்தாலும் ஆயுதம் தொலையாது. வாங்குமுன் குண்டுகளை நீக்கி, ஆயுதத்தை உறையிலிட்டு, குனிந்தும் ஓடியும் உட்கார்ந்தும் பார்த்தல் வேண்டும். பிறரைக் கொண்டு பலபுறமும் இழுத்துப் பார்க்கவும் வேண்டும். மழைநாட்டில் மற்றொன்றும் உண்டு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; இரவெல்லாம் அதனுள் கிடக்கும் இரும்பு துருவேறும். ஆதலின் மாலையில் ஆயுதத்தை வெளியே எடுத்துத் துடைத்துப் பூட்டி வைத்தல் நன்று.

இக்காலத்தில் உலகெங்கும் காவல்துறையினர் அணியும் உறைகள் பல, அச்சில் வார்த்த நெகிழியால் ஆனவை. ஒன்றிரண்டு பூட்டுகளை வரிசையாக விடுவித்தாலன்றி அவற்றிலிருந்து ஆயுதம் வெளிவராது. உரியவர் கை இடைவிடாப் பயிற்சியால் அவ்வரிசையை அறியும். பறிக்க வரும் கை அறியாது. பொருள் மாறியதேயன்றி, முதியவர் வினவிய வினா மாறவில்லை. மலேசியாவிலோ உரிமமின்றிச் சுடுகருவி வைத்திருத்தலே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமாகும். உரிமம் பெற்றவர்க்கோ பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கிராணியார் மூடியோடு திரும்பி வந்ததைக் கண்டு துரை முதலில் முகம் சுளித்தார். காரணத்தைக் கேட்டபின் மறுமொழி கூறவில்லை. அடுத்த சம்பள நாளில் மேசையருகே அமருமுன், அவர் கை இடுப்புக்குச் சென்றது. மூடியின் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, முதற்பெயரைக் கூப்பிடுமாறு கிராணியாருக்குத் தலையசைத்தார்.