கொடுத்தே பழகிய கரை

கொச்சிக்கடையைத் தாண்டியதும் புகையிரதம் மகா ஓயாப் பாலத்தில் ஏறுகிறது. தென்கரை கம்பஹா மாவட்டம், வடகரை புத்தளம் மாவட்டம். ராகமையில் பிரதான பாதையை விட்டுப் பிரியும் இந்தத் தண்டவாளம் 1909இல் நீர்கொழும்பையும் 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் எட்டியது. அதற்கு முன்பு இதே வேலையைச் செய்தது ஒல்லாந்தர் கால்வாய். கொழும்புப் பக்கத்துக்கும் புத்தளம் களப்புக்கும் இடையே படகுகள் அதன் வழியாகத்தான் சரக்கு ஏற்றிப் போயின. வழி மாறினாலும் திசை மாறவில்லை. இந்தக் கரையில் விளைவதெல்லாம் தெற்கே போகும்.

புத்தளம் மாவட்டம் தெற்கே மகா ஓயாவில் தொடங்கி வடக்கே வில்பத்துக் காடு வரை போகிறது. சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் நிலம். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 7,62,000 பேர். நாலில் மூன்று பங்கினர் சிங்களவர், ஐந்தில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள், எஞ்சியோரில் பெரும்பாலானோர் தமிழர். சமயத்தைப் பார்த்தால் பத்துப் பேரில் மூவர் கத்தோலிக்கர். மன்னாருக்கு அடுத்தபடி கத்தோலிக்கர் விகிதம் கூடிய மாவட்டம் இது.

பாலத்தைக் கடந்தால் வைக்கால, போலவத்தை, லுணுவில, நாத்தாண்டி, மாதம்பை. எல்லாம் தென்னை நாடு. குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு சேர்த்து இலங்கையின் தென்னை முக்கோணம் என்று இதைச் சொல்வார்கள். லுணுவில பண்டிரிப்புவ தோட்டத்தில் 1929 முதல் தென்னை ஆராய்ச்சி நடந்துவருகிறது. தேங்காய் மட்டுமா? மட்டையைத் தும்பாக்குகிறார்கள், பருப்பைக் கொப்பறாவாக உலர்த்துகிறார்கள், பாளை சீவிக் கள் இறக்குகிறார்கள். ஆற்றோரக் களிமண் ஓடாகிறது. வைக்கால ஓடு வேயாத பழைய வீடு இந்தப் பக்கம் அபூர்வம்.

இங்கிருந்து ஆட்களும் போனார்கள். கடற்கரையோரமுள்ள வென்னப்புவ, மாரவில ஊர்களிலிருந்து பல்லாயிரம் பேர் இத்தாலிக்குப் போய் வேலை செய்கிறார்கள். தேவாலயத் தொடர்புகளால் தொடங்கிய பயணம் அது. பிறகு ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொண்டார். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றின் பின்னால் ரோமிலோ மிலானிலோ முதியவர்களைப் பராமரித்துச் சம்பாதித்த ஒரு தாயின் வருடங்கள் இருக்கின்றன.

சிலாபம் மீனூர். விடியலில் கரையேறும் வள்ளங்களும் கருவாட்டு வாடிகளும் களப்பு நண்டும் அதன் அன்றாடம். கடற்கரையில் நின்று காது கொடுத்தால், கத்தோலிக்க மீனவக் குடும்பங்களின் மூத்தவர்கள் சிலர் தமக்குள் தமிழில் பேசுவது கேட்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கத்தோலிக்கப் பாடசாலைகளின் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியது. பாட்டியின் மொழி பேரனிடம் வந்து சேராமல் போயிற்று. குடிசனப் பத்திரத்தில் அந்தக் குடும்பம் ஒரே கட்டத்தில் அடங்குகிறது. அதன் வரலாறு அப்படி அடங்குவதில்லை.

நகருக்குக் கிழக்கே முன்னேசுவரம். பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு மானியம் வழங்கிய சிவாலயம் இது. 1578இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். 1753இல் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் திருப்பணி செய்வித்தான். ஆவணித் திருவிழாவில் தமிழரும் சிங்களவரும் ஒரே வரிசையில் தேங்காய்த் தட்டோடு நிற்கிறார்கள்.

சிலாபத்தை விட்டு தெதுறு ஓயாவைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. மழை குறைகிறது, தென்னை ஐதாகிறது, முட்செடி தலைகாட்டுகிறது. பாதையில் வண்டிகளும் குறைகின்றன. ஆனைவிழுந்தானில் சங்கிலிபோல் ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கும் பழைய குளங்கள் 2001 முதல் ராம்சார் ஈரநிலம். அதைச் சுற்றி முந்தல் வரை இறால் பண்ணைகள். 1980களில் ஏற்றுமதி ஆசை காட்டிக் கண்டற்காடுகளை வெட்டித் தோண்டிய குளங்கள் அவை. எல்லாப் பண்ணைகளும் ஒல்லாந்தர் கால்வாயிலும் களப்பிலும் இருந்தே நீரெடுத்தன, கழிவையும் அங்கேயே விட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு பண்ணையின் நோய் அடுத்த பண்ணையின் வாய்க்காலில் போய் நின்றது. ஏராளமான குளங்கள் கைவிடப்பட்டன. உப்பேறிய அந்த மண்ணில் நெல்லும் இல்லை, கண்டலும் இல்லை. லாபம் கண்டவர்கள் வேறு தொழில் பார்த்துப் போய்விட்டார்கள். ஊர்க்காரர்களுக்குப் போக இடமில்லை.

பத்துளு ஓயாவிலிருந்து மேற்கே திரும்பினால் உடப்பு. களப்புக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் நெருக்கமாக அமைந்த தமிழ் ஊர். முன்னோர் இராமேசுவரம் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது ஊரின் நினைவு. கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுகிறார்கள். ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் ஏலேலோ சொல்லி வாங்க, பாட்டின் அசைக்கேற்பக் கயிறு கரைக்கு வரும். ஆடியில் திரௌபதியம்மன் கோயில் தீமிதிப்பு. எங்கே தொழிலுக்குப் போயிருந்தாலும் அதற்கு ஊர் திரும்பிவிடுவார்கள்.

மதுரங்குளி தாண்டிப் பாலாவி. 1970ஆம் ஆண்டளவில் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை இங்கே இருக்கிறது. வடக்கே அருவக்காலுவில் வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் இந்தத் தண்டவாளத்தில்தான் வந்து சேர்கிறது. பாலாவிச் சந்தியில் பிரியும் வீதி கற்பிட்டித் தீபகற்பத்துக்குப் போகிறது. மணலில் வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் ஊர்கள், புனித ஆனாள் திருவிழாவுக்கு நாடே வந்து கூடும் தலவில், அதன் அருகே நுரைச்சோலை. 2011 முதல் இயங்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாட் திறன் கொண்டது. அந்த மின்சாரம் நாட்டுக்கெல்லாம் போகிறது. நிலக்கரித் தூசியும் சாம்பலும் அக்கம்பக்கத்தோடு தங்குகின்றன.

புத்தளம் வந்ததும் ஒரு பக்கம் களப்பு, அதன் கரையோரம் உப்பளங்கள். வெயிலும் காற்றும் ஓங்கும் மாதங்களில் களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக வற்றவைத்து உப்பு வாருகிறார்கள். கண்டி இராச்சியத்துக்கு உப்புக் கொடுத்த துறை இது. ஒல்லாந்தர் களப்பின் வாயிலில் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி அந்த வழியைத் தம் கைக்குள் வைத்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பு, 1344இல், இபின் பதூதா இந்தக் கரையில் இறங்கி யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். கரையெங்கும் குவிந்து கிடந்த கறுவாக் கட்டைகளைப் பற்றி அவரது பயணக்குறிப்பு சொல்கிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பகுதியினரை ஏற்றது இந்தக் கரைதான். தென்னந்தோப்புகளிலும் பள்ளிவாசல்களிலும் தில்லையடி, பாலாவி வெளிகளிலும் ஓலைக் குடிசைகள் எழுந்தன. கிணற்று நீர், பாடசாலை இடம், தோட்டக் கூலி எல்லாம் பங்கிட வேண்டியதாயிற்று. மனக்கசப்பும் வந்தது. ஆனாலும் துரத்தவில்லை. வறண்ட ஒரு மாவட்டம் அன்று செய்த இந்தக் கொடைக்கு இந்நாடு இன்னும் கடன்பட்டிருக்கிறது.

பயணிகள் வண்டி புத்தளத்தை அடுத்த நூர் நகரோடு நின்றுவிடும். தண்டவாளம் காட்டோரமாக அருவக்காலுவின் கல் வெட்டும் குழிகளை நோக்கி மேலும் போகிறது. 2017 ஏப்ரலில் கொழும்பருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு தலைநகரின் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட அரசு விரைவுபடுத்திய இடம் வில்பத்துக் காட்டை அண்டிய இந்த அருவக்காலு. புத்தளம் மக்கள் மாதக்கணக்காக சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர், பிக்கு, மௌலவி, குருவானவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இருந்தும் 2019இல் குப்பை லொறிகள் வந்தன.

தேங்காய், மீன், இறால், உப்பு, சீமெந்து, மின்சாரம், மனித உழைப்பு என்று இந்தக் கரை தெற்கே அனுப்பியதற்குக் கணக்கில்லை. பதிலாக வடக்கே வந்தது சாம்பலும் குப்பையும் என்றால், அது அநீதி. புத்தளத்தார் கேட்பது தயவு அல்ல. குடிக்க நல்ல தண்ணீர், சுத்தமான காற்று, கைவிட்ட இறால் குளங்களில் மறுபடி கண்டல், தம் மண்ணில் எது வரலாம் என்று சொல்லும் உரிமை: இவற்றைத்தான் கேட்கிறார்கள். நூறாண்டுக்கு முன் இங்குவரை பாதை போட முடிந்த ஒரு நாட்டுக்கு இதைக் கொடுப்பது இயலாத காரியம் அல்ல.