11 நாள்களாக எரிந்த எச்சரிக்கை விளக்கு... யாருமே பார்க்காத சர்வர் அறை!

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. பேட்டரி மாற்ற வந்த எலெக்ட்ரீஷியன், இரண்டு யு.பி.எஸ்-களில் ஒன்றை மட்டும் நிறுத்தினார். ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பவர் சப்ளை உண்டு. ஒன்றுக்கு கரன்ட் நின்றாலும் மற்றொன்று தாங்கும். ஆனால், அன்று ஒரு சர்வர் சட்டென அணைந்துபோனது.

சிஸ்டம் அட்மினாக வேலை பார்க்கும் 26 வயதுப் பெண்ணின் போன் அடித்தது. "மேடம், பில்லிங் வரல. லேப் ரிப்போர்ட்டும் ஓப்பன் ஆகல!"

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடி" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

அங்கே, அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவரின் பொட்டாசியம் அளவைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஊழியர் ஒருவர் மாடிப்படிகளில் ஓடிக்கொண்டிருந்தார். அவசரத்தில் எழுதும் எண் ஒன்று மாறினாலும் சிகிச்சையே மாறிவிடும்.

அணைந்த சர்வரில் ஓடிய மென்பொருள்கள் வேறு சர்வர்களில் தானாகவே மீண்டும் தொடங்கியிருந்தன. ஆனால், திடீரென நின்றுபோன டேட்டாபேஸ் சரியாகி எழுந்திருக்க முக்கால் மணி நேரம் பிடித்தது.

பிறகுதான் அவர் சர்வரின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். ஒரு பவர் சப்ளை 11 நாள்களுக்கு முன்பே செத்துப்போயிருந்தது. எச்சரிக்கை மெயிலும் போயிருந்தது... வேலையை விட்டுப் போய்விட்ட பழைய ஊழியரின் முகவரிக்கு!

ஒரு வீடு, பல குடித்தனம்

இப்போதெல்லாம் ஒரு சர்வருக்குள் ஒரே மென்பொருள் ஓடுவதில்லை. ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி, ஒரே இயந்திரத்துக்குள் பல 'விர்ச்சுவல் மெஷின்கள்' குடியிருக்கின்றன. யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதைக் கவனிப்பது, வி.எம்வேர் நிறுவனத்தின் வி.சென்டர் போன்ற மென்பொருள்கள்.

வீட்டின் சுவரில் விரிசலா, மின்விசிறி ஓடுகிறதா என்பதைக் கவனிப்பது சர்வருக்குள் இருக்கும் தனிச் சிப். டெல் சர்வர்களில் அதன் பெயர் ஐட்ராக்; ஹெச்.பி.ஈ சர்வர்களில் ஐலோ. ஒவ்வொரு சர்வருக்கும் தனி முகவரி, தனி பாஸ்வேர்டு. குடித்தனக்காரர்களின் கணக்கு ஒரு நோட்டில், கட்டடத்தின் கணக்கு வேறு நோட்டில். இரண்டாவது நோட்டைத்தான் யாரும் புரட்டவில்லை.

இரண்டையும் ஒரே திரையில் காட்டும் இணைப்பு மென்பொருளை சர்வர் நிறுவனங்களே தருகின்றன. அதை நிறுவிவிட்டால், ஃபேன் பழுது, மெமரி பிழை, பவர் சப்ளை கோளாறு எல்லாம் வி.சென்டர் திரையிலேயே வந்து நிற்கும். எந்தச் சர்வர் என்று அடையாளம் காட்ட, அங்கிருந்தபடியே அதன் விளக்கை மினுக்கவும் வைக்கலாம்.

2016-ல் வந்த வி.ஸ்பியர் 6.5 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. சர்வரின் உடம்பு சரியில்லை என்று தெரிந்தாலே, அதில் இருப்பவற்றைத் தானாகவே வேறு சர்வருக்கு மாற்றிவிடும். அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க வீடு மாற்றுவதுபோல, எதுவும் நிற்காது. ஆனால், அதற்கு விலை கூடுதலான லைசென்ஸ் வேண்டும். மருத்துவமனையின் பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை.

அதனால் அவர் இணைப்பை மட்டும் நிறுவினார். எச்சரிக்கை, ஒருவருக்கு இல்லாமல் மூன்று பேரின் போனுக்கு வரும்படி மாற்றினார். ஒரே கதவு இரண்டு நோட்டையும் திறக்கும் என்பதால், பாஸ்வேர்டுடன் ஓ.டி.பி-யையும் கட்டாயமாக்கினார்.

நான்கு மாதங்கள் கழித்து, இரவு 2 மணிக்கு போன் அதிர்ந்தது. ஒரு சர்வரில் மெமரி பிழை. வீட்டிலிருந்தே லேப்டாப்பைத் திறந்து, அதிலிருந்த ஆறு விர்ச்சுவல் மெஷின்களையும் ஒவ்வொன்றாக இடம் மாற்றிவிட்டுத் தூங்கப் போனார். லேபில் இருந்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

சமீபத்தில் யு.பி.எஸ் வேலைக்கு அதே எலெக்ட்ரீஷியன் வந்தார். "ஆஃப் பண்ணவா மேடம்?"

திரையில் எல்லாமே பச்சை. ஆனாலும் அவர், "ஒரு நிமிஷம்ணே..." என்று சொல்லிவிட்டு, சர்வர்களின் பின்பக்கம் போய்க் குனிந்தார்.