பதிவேடு இருந்தது, பிள்ளைகள் இல்லை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். என் மடத்தனம் ஒன்றைச் சொல்லப் போகிறேன். நீங்களாவது தப்பித்துக் கொள்ளலாம்.

2018 மே மாதம் நான் பணி நிறைவு பெற்றேன். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து 36 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான். கம்ப்யூட்டர் என்றால் சம்பளப் பட்டியலும் மாணவர் விவரம் ஏற்றுவதும் மட்டுமே தெரியும். ஓய்வுக்குப் பிறகு ஒரே ஒரு ஆசை இருந்தது. அம்மா பாடும் நடவுப் பாட்டையும் தாலாட்டையும் பதிவு செய்து வைக்க வேண்டும். அம்மாவுக்கு அப்போது 81 வயது. எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டெல்லாம் நெஞ்சில்தான்.

என் பேரன் லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். சிவப்பு வட்டத்தை அழுத்தினால் பதிவாகும், சதுரத்தை அழுத்தினால் நிற்கும். 2019 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மூன்று நாள் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பதிவு செய்தேன். மொத்தம் 11 பாட்டு, சுமார் 40 நிமிடம். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் இடத்தில் அடியில் சிறு குறிப்பு எழுதி வைக்க அதில் வசதி உண்டு. ஆசிரியப் புத்தி, விடுவேனா? ‘நாற்றுப் பறிக்கும்போது பாடுவது’, ‘இங்கே அம்மா இருமினாள்’, ‘தம்பி பிறந்தபோது பாடிய தாலாட்டு’ என்று பாடக்குறிப்பு எழுதுவது போல எழுதி வைத்தேன்.

இனிமேல்தான் கதை.

அப்போது இருந்த பழைய ஆடாசிட்டியில் ‘சேவ் ப்ராஜெக்ட்’ கொடுத்தால் இரண்டு பொருள் உண்டாகும். ஒன்று ஏ.யு.பி. என்று முடியும் சின்னக் கோப்பு. இன்னொன்று அதே பெயரோடு ‘டேட்டா’ என்று முடியும் ஒரு ஃபோல்டர். அந்த ஃபோல்டருக்குள் போனால் இன்னும் ஃபோல்டர்கள். அதற்குள் எழுத்தும் எண்ணும் கலந்த புரியாத பெயர்களில் நூற்றுக்கணக்கான குட்டிக் கோப்புகள். ஒவ்வொன்றும் சுமார் ஒரு எம்.பி.தான்.

2020 மார்ச்சில் லேப்டாப்பில் இடம் இல்லை என்று சிவப்புக் கோடு காட்டியது. வீட்டைக் கூட்டுவது போல உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அம்மா பாட்டு ஃபோல்டரில் அந்தப் பெயர் தெரியாத குட்டிக் கோப்புகள் 400 எம்.பி.க்கு மேல் கிடந்தன. ஏதோ மென்பொருளின் குப்பை என்று நினைத்தேன். அம்மா பெயர் போட்ட ஏ.யு.பி. கோப்பு பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அன்று மிகவும் திருப்தியாகத் தூங்கினேன்.

அந்த வருடம் ஆவணியில் அம்மா போய்விட்டார்கள்.

முதல் வருட நினைவு நாளில் எல்லோரும் கூடியிருந்தபோது பாட்டைப் போடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். ஒலித் துண்டுகளைக் காணவில்லை, அவற்றை மௌனமாக வைத்துக்கொள்ளவா என்று ஆடாசிட்டி கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்றேன். திரை விரிந்தது. மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டிய அலைக்கோடு, ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேராக இருந்தது. அடியில் என் குறிப்புகள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தன. ‘இங்கே அம்மா இருமினாள்’ என்ற இடத்தில் இருமலும் இல்லை.

தம்பி மகன் பார்த்துவிட்டு விளக்கினான். நான் பத்திரப்படுத்திய ஏ.யு.பி. கோப்பில் ஒலியே கிடையாது. எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு வர வேண்டும் என்ற வரிசையும், என் குறிப்புகளும் மட்டும்தான் அதில் எழுத்தாக இருக்கும். அம்மாவின் குரல் முழுவதும் ஆறு ஆறு விநாடித் துண்டுகளாக, நான் குப்பை என்று அழித்த அந்தக் குட்டிக் கோப்புகளில் இருந்திருக்கிறது. மீட்டெடுக்கும் மென்பொருளும் போட்டுப் பார்த்தான். ஒரு வருடத்தில் அந்த இடத்தில் வேறு எதையெல்லாமோ எழுதியாகிவிட்டது. ஒன்றும் தேறவில்லை.

36 வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவள் நான். எனக்கு அவன் சொன்னது இப்படித்தான் விளங்கியது. பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை வாசல் வழியே அனுப்பிவிட்டேன். பெயர் எல்லாம் இருக்கிறது. கூப்பிட்டால் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்ல ஆள் இல்லை.

இரண்டு பாட்டு மட்டும் பிழைத்தது. மும்பையில் இருக்கும் தங்கை கேட்டாளே என்று, பதிவு செய்த வாரத்திலேயே ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து எம்பி3 ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். மற்ற ஒன்பதும் போனது போனதுதான்.

பல மாதம் அந்த லேப்டாப்பைத் தொடவே இல்லை. பிறகு ஒருநாள் அந்த ஏ.யு.பி. கோப்பை நோட்பேடில் திறந்து, என் குறிப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மாவோடு ஒரே வயலில் நடவு நட்ட அத்தை இருக்கிறார்கள். 78 வயது. குறிப்பை ஒவ்வொன்றாக வாசித்தேன். “நாத்துப் பறிக்கையில ஒண்ணு பாடுவாங்களே அத்தை, அது என்ன?” என்று கேட்டேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார்கள். “உங்கம்மா கொரலு எனக்கு வராது பாப்பா. ஆனா வார்த்தை மாறாது” என்று சொல்லிவிட்டுப் பாடினார்கள்.

ஒன்பதில் ஏழு கிடைத்தது. அம்மா குரல் இல்லை, அம்மா பாட்டு இருக்கிறது. நான் அழிக்காமல் வைத்த அந்த வெறும் பதிவேடு அதற்காவது உதவியது.

இந்த முறை நான் பிடித்த முறைகளைச் சொல்கிறேன். எந்த மென்பொருள் வைத்திருந்தாலும் பொருந்தும்.

1. சேவ் என்பது வேறு, எக்ஸ்போர்ட் என்பது வேறு. சேவ் செய்வது அந்த மென்பொருளில் மட்டும் திறக்கும் வேலைக் கோப்பு. பதிவு முடிந்த அன்றே ‘வேவ்’ கோப்பாக ஒன்று எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். எதிலும் பாடும். எம்பி3 அனுப்புவதற்கு நல்லது. ஆனால் அளவைக் குறைக்க ஒலியில் கொஞ்சத்தைக் கழித்துவிடும். மூலத்துக்கு வேவ்தான்.

2. 2021 மார்ச்சில் வந்த ஆடாசிட்டி 3.0 முதல் எல்லாம் ஏ.யு.பி.3 என்ற ஒரே கோப்புக்குள் வந்துவிட்டது. என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் மென்பொருளை மூடிய பிறகே அதைப் பிரதி எடுங்கள். திறந்திருக்கும்போது பக்கத்தில் துணைக் கோப்புகள் இருக்கும். பாதி வேலை அதில் தங்கியிருக்கலாம்.

3. ரீப்பர் போன்ற மென்பொருள்களில் இன்றும் திட்டக் கோப்பு தனி, ஒலி தனி. ஆகவே ஒரு பதிவுக்கு ஒரு ஃபோல்டர். எல்லாம் அதற்குள். நகர்த்தினால் முழு ஃபோல்டராக நகர்த்துங்கள். உள்ளே இருப்பதற்குப் பெயர் மாற்றாதீர்கள்.

4. பெயரில் வருடம், மாதம், தேதி, பாடியவர், பாட்டு என்று இந்த வரிசையில் எழுதுங்கள். ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசியிலும் கடைசி’ என்று வைத்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாது.

5. மூன்று பிரதி வேண்டும். லேப்டாப்பில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருப்பவரிடம் ஒன்று. பிரதி எடுத்ததும் அதைத் திறந்து காதால் கேட்டுப் பாருங்கள். பெயர் தெரிகிறது என்பதால் உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

6. என்னவென்று தெரியாத கோப்பை அழிக்காதீர்கள். தெரிந்தவரிடம் கேளுங்கள். சின்னப் பிள்ளையிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அத்தையின் ஏழு பாட்டும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று தங்கையிடம்.

நேர்க்கோடாகக் கிடக்கும் அந்தப் பழைய கோப்பையும் நான் அழிக்கவில்லை. எப்போதாவது திறந்து ஓட விடுவேன். நாற்பது நிமிடமும் சத்தமில்லாமல் ஓடும். குறிப்பு வரும் இடத்தில் எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டில் பாடும் பெரியவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பதிவு செய்யுங்கள். அன்று இரவே பிரதி எடுங்கள்.