துப்பாக்கிக்கும் பூவுக்கும் ஒரே தூரிகை

லண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் சர்ப்பென்டைன் ஏரிப் பாலத்தைத் தாண்டியதும், முகப்பில் தூண்களோடு ஒரு தாழ்வான செங்கல் கட்டடம் வருகிறது. 1805இல் வெடிமருந்துக் கிடங்காகக் கட்டியது. 2013இல் கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத் அதைக் கலைக்கூடமாக மாற்றினார். ‘சர்ப்பென்டைன் நார்த்’ என்று பெயர். 2025 மார்ச் 20 முதல் இங்கே அர்பிதா சிங்கின் ‘ரிமெம்பரிங்’ கண்காட்சி நடந்தது. டெல்லியில் வாழும் இந்த ஓவியருக்கு அப்போது வயது 87. இந்தியாவுக்கு வெளியே ஒரு கலை நிறுவனம் அவருக்கென்று தனியாக நடத்திய முதல் கண்காட்சி இதுதான்.

உள்ளே போனதும் முதலில் கண்ணைப் பிடித்தது ரோஸ் நிறம். அதையடுத்து நீலம். கார்களும் விமானங்களும் கோட்டுப் போட்ட ஆண்களும் நடுவயதைத் தாண்டிய பெண்களும் எழுத்துகளும் பூக்களுமாக ஒவ்வொரு ஓவியமும் நெரிசலாக இருக்கிறது. தொலைவில் இருப்பது சிறிதாக, அருகில் இருப்பது பெரிதாக என்ற கணக்கே இல்லை. மேலே பறக்க வேண்டியது காலடியில் கிடக்கிறது. விளையாட்டாக வரைந்தது போலத் தோன்றுவதால் முதல் சில ஓவியங்களை வேகமாகக் கடந்துவிட்டேன். நின்றது ‘தேவி பிஸ்டல்வாலி’ முன்னால்தான்.

1990இல் வரைந்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண். தேவியைப் போலப் பல கைகள். அதில் ஒரு கையில் துப்பாக்கி. கால் ஓர் ஆணின் மேல் இருக்கிறது. மகிஷனை மிதிக்கும் துர்க்கை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் இந்த முகத்தில் உக்கிரம் இல்லை. வீட்டு வேலைக்கு நடுவே எழுந்து வந்தவள் போலச் சாதாரணமாக நிற்கிறாள். ஓவியத்தை ஒட்டிப் போய்ப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. துப்பாக்கியைத் தீட்டிய கைவேகமும் சுற்றியுள்ள சின்னச் சின்ன உருவங்களைத் தீட்டிய கைவேகமும் ஒன்றேதான். எதற்கும் தனிச் சலுகை கிடையாது.

இந்தக் கை எங்கே பழகியது என்று தேடினால் அவர் வாழ்க்கைக்குள் போக வேண்டும். 1937இல் வங்காளத்தின் பராநகரில் பிறந்தவர். 1946இல் தாயுடன் டெல்லிக்கு வந்தார். 1954 முதல் 1959 வரை டெல்லி பாலிடெக்னிக்கில் ஓவியம் படித்தார். சைலோஸ் முகர்ஜியா, பி.சி. சன்யால் போன்றவர்கள் பாடம் சொல்லிக் கொடுத்த இடம் அது. படிப்பு முடிந்ததும் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளர் வேலை. கல்கத்தாவிலும் டெல்லியிலும் பணியாற்றினார்.

அன்றைய இளம் ஓவியர் பலருக்கு இந்த மையங்கள்தான் சம்பளம் தந்தன. சென்னை மையத்தில் ஓவியர் ரெட்டப்ப நாயுடு இருந்ததைப் போல அங்கே அர்பிதா. தறிக்குப் போகும் வடிவத்தில் எந்த மூலையும் முக்கியமற்றது அல்ல. ஓரமும் நடுவும் ஒரே கவனத்தைக் கேட்கும். பழைய சேலைகளை அடுக்கி வைத்து நெருக்கமாக ஓட்டுத்தையல் போடும் வங்காளத்துக் காந்தா வேலைப்பாட்டையும் அவர் ஓவியங்களோடு சேர்த்துப் பேசுவதுண்டு. ஓவியத்தைச் சுற்றி அவர் இடும் கரைகளைப் பார்க்கும்போது அந்தப் பேச்சில் நியாயம் தெரிகிறது.

கறுப்பு வெள்ளைத் தாள்கள் மாட்டிய சுவருக்கு வந்தேன். இவற்றில் உருவங்களே இல்லை. புள்ளி, கோடு, குறுக்குக் கோடு, மறுபடி புள்ளி. 1970களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள், உருவ ஓவியத்தை நிறுத்திவிட்டு இதையே செய்துகொண்டிருந்தார். ஏற்கெனவே தனிக் கண்காட்சி நடத்திப் பெயர் எடுத்துக்கொண்டிருந்தவர், அரிச்சுவடிக்குத் திரும்பியிருக்கிறார். பலரும் இந்தச் சுவரைப் பார்த்தும் பாராமலும் போனார்கள். எனக்கோ கண்காட்சியின் திறவுகோல் இங்கேதான் கிடைத்தது. எந்தப் பொருளையும் சுட்டாத கோடுகளை இத்தனை காலம் இழுத்த கைக்கு, பின்னால் பூ வந்தாலும் பிணம் வந்தாலும் பதறாமல் தீட்டும் பக்குவம் வந்துவிடுகிறது.

1980களில் உருவங்கள் திரும்பி வருகின்றன. கூடவே நீர்வண்ணமும். நலினி மலானி, மாதவி பரேக், நீலிமா ஷேக் ஆகியோருடன் சேர்ந்து 1987 முதல் 1989 வரை ஊர் ஊராகக் கண்காட்சி வைத்த காலம் இது. ஓவியத்துறையில் பெண்கள் கூட்டாக இறங்கி நடத்திய முக்கியமான முயற்சி. நீர்வண்ணம் என்றால் மெல்லிய கழுவல் என்றுதான் நமக்குப் பழக்கம். இவரோ வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஏற்றுகிறார். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தாளில் அந்தச் சொரசொரப்பு தெரிகிறது.

2000க்குப் பிறகு வந்த பெரிய எண்ணெய் ஓவியங்களில் வரைபடங்கள் நுழைகின்றன. ‘மை லாலிபாப் சிட்டி: ஜெமினி ரைசிங்’ (2005) டெல்லியின் வரைபடம். சாலைகளுக்கு நடுவே ஆட்களும் வாகனங்களும். இந்த வரைபடம் பிழையானது, இதை நம்பிப் போகாதே என்று ஓவியத்துக்குள்ளேயே எச்சரிக்கையும் எழுதியிருக்கிறார். 2015இல் வரைந்த ஓவியமொன்றில் கிழிந்த தாள், காகிதத் துண்டு, லேபிள்களுக்கு இடையே சீதையைத் தேடுவதாகத் தலைப்பு வைத்திருக்கிறார். காணாமல்போன பெண்ணைத் தேடும் கதை, கடத்தலும் அறிவிப்புத் தாள்களும் நிறைந்த இன்றைய நகரத்தின் கதையாகிவிடுகிறது.

அவர் பெயர் செய்தித்தாள்களில் பெரிதாக அடிபட்டது 2010இல், பதினாறு கித்தான்களைச் சேர்த்து வரைந்த ‘விஷ் டிரீம்’ ஏலத்தில் 9 கோடி ரூபாய்க்கு மேல் போனபோது. மறு ஆண்டு பத்மபூஷண். ஆனால் அவரை அறிய நான் கை காட்டுவது 1993இல் வரைந்த ‘மை மதர்’ ஓவியத்தைத்தான். நாடு மதக் கலவரத்தில் எரிந்ததற்கு அடுத்த ஆண்டு. முன்னால் அவருடைய வயதான அம்மா நிற்கிறார். பின்னால் தெருவில் ஆயுதமேந்தியவர்களும் விழுந்த உடல்களும். கலவரம் சிவப்பில் அலறவில்லை. அன்றாடத்தின் மென்னிறங்களிலேயே கிடக்கிறது. வன்முறை நம் தெருவில் மற்றவற்றோடு கலந்து புழங்குகிறது என்பதை முழக்கமில்லாமல் சொல்ல, நெசவு மையத்திலும் புள்ளித் தாள்களிலும் பழகிய சமநிலை தேவைப்பட்டிருக்கிறது.

கண்காட்சி அந்த ஆண்டு ஜூலை 27 வரை கட்டணமில்லாமல் நடந்தது. இனி எங்கேனும் அவர் ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ரோஸ் நிறத்தின் பின்னால் உடனே ஓடாமல் கறுப்பு வெள்ளைத் தாள்களிலிருந்து தொடங்குங்கள். அதன்பிறகு பெரிய ஓவியங்களுக்கு வந்தால், நெரிசலாகத் தெரிந்ததில் ஓர் அங்குலம்கூட அலட்சியமாக நிரப்பப்படவில்லை என்பது புரியும்.